ஆளில்லாத பகல்: வேலைக்குச் செல்வோர் வீட்டு நாய்க்குப் பராமரிப்பு ஏற்பாடு

செங்கல்பட்டு மாவட்டத்தில் வளர்க்கப்படும் வீட்டு நாயின் பகல்பொழுது எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்வது உரிமையாளரின் வேலையிடமும் அதற்கான தொலைவுமே ஆகும். காஞ்சிபுரத்திலிருந்து 2019 நவம்பர் 29 அன்று பிரிந்து தனி மாவட்டமான இந்நிலப்பகுதியில், பரனூரை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டி, மறைமலை நகர்த் தொழிற்சாலைகள், சிறுசேரி சிப்காட் வளாகம், கல்பாக்கம் அணுமின் நிலையம், கோவளத்தில் தொடங்கி மாமல்லபுரத்தைத் தாண்டியும் நீளும் கடற்கரை விடுதிகள் என்று வேலைகள் ஒருபுறம் இருக்க, வீடுகளோ கூடுவாஞ்சேரியிலும் கேளம்பாக்கத்திலும் திருப்போரூரிலும் செங்கல்பட்டு நகரிலுமாகப் பரவிக் கிடக்கின்றன. உணவு இடைவேளை உட்பட 9 மணி நேரப் பணியோடு போக ஒரு மணி நேரமும் வர ஒரு மணி நேரமும் சேர்ந்தால், கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீடு நாளொன்றுக்கு 11 மணி நேரம் பூட்டியே இருக்கும். மழைக்காலத்தில் சாலையில் நீர் தேங்கினால் அது இன்னும் கூடும். கடைசி ஆள் கதவைப் பூட்டுவதிலிருந்து முதல் ஆள் திறப்பது வரை உள்ள இந்த இடைவெளி இவ்வத்தியாயத்தில் ‘ஆளில்லா நேரம்’ எனப்படுகிறது. எந்த ஏற்பாடாயினும், அது இந்த நேரத்தை எங்கே, எத்தனை முறை உடைக்கிறது என்பதைக் கொண்டே அதன் தகுதியை அளக்க வேண்டும். விலை உயர்ந்த படுக்கையும் பொம்மைகளும் கேமராவும் வாங்கி வைத்து, நடுப்பகலில் ஓர் ஆளைக்கூட ஏற்பாடு செய்யாத வீட்டைவிட, எதுவும் வாங்காமல் 12 மணிக்கு ஒருவரை வரச்செய்யும் வீட்டில் நாய் நலமாக இருக்கும்.

உடல் நலத்தோடு வளர்ந்த நாய் சிறுநீரை 6 முதல் 8 மணி நேரம் வரை அடக்கிக்கொள்ளக்கூடும் என்றாலும், அடக்க முடிகிறது என்பதற்காக நாள்தோறும் அந்த எல்லை வரை விட்டுவைப்பது முறையாகாது. குட்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, வயதை மாதத்தில் எண்ணி அதோடு ஒன்றைக் கூட்டுவது. அதன்படி 3 மாதக் குட்டி அதிகபட்சம் 4 மணி நேரமே தாங்கும், எனவே 11 மணி நேரம் பூட்டிக் கிடக்கும் வீட்டில் அது தரையை நனைப்பதைக் குட்டியின் குற்றமாகக் கருத இடமில்லை. முதிய நாய்க்கும், சர்க்கரை நோயோ சிறுநீரக நோயோ உள்ள நாய்க்கும் இந்த எல்லை மீண்டும் சுருங்கிவிடும். பகலில் பெரும்பகுதியை நாய் தூங்கியே கழிக்கிறது என்பது உண்மைதான். ஆனால் கூட்டமாக வாழப் பழகிய விலங்காகையால், யாராவது வருவார்கள் என்ற உறுதி இல்லாத நீண்ட தனிமை அதை வருத்துகிறது. சுவீடன் நாட்டின் விலங்கு நல விதிகள் வீட்டுக்குள் வைக்கப்படும் நாயைப் பகலில் குறைந்தது 6 மணி நேரத்துக்கு ஒருமுறை வெளியே அழைத்துச் செல்ல வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. அந்த 6 மணி நேரத்தை இந்தக் கடற்கரையிலும் மேல் எல்லையாக ஏற்பதே தகும். இங்குள்ள வெயிலைக் கணக்கில் கொண்டால் 5 மணி நேரம் என்று வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இந்தியச் சட்டமும் இதுபற்றி மௌனமாக இல்லை. 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவில், அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கை நெடுநேரம் கட்டி வைப்பதைக் குற்றம் என்று வரையறுப்பதோடு, வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாய்க்குத் தேவையான உடற்பயிற்சி கிடைக்கச் செய்யாத உரிமையாளரையும் குற்றவாளியாகவே கருதுகிறது. முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான் என்பது அதன் பெருங்குறை; எனினும் நாய்க்கு நடை என்பது உரிமையாளரின் விருப்பம் அன்று, கடமை என்பதை அது அறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தது. இச்சட்டத்துக்கு வித்திட்டவர், கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையின் நியமன உறுப்பினராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவின் தொடர்ச்சியாகவே அரசு இதை இயற்றியது. சட்டத்தின்கீழ் 1962இல் அமைந்த இந்திய விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அவர் வாழ்ந்து பணியாற்றிய திருவான்மியூரிலிருந்துதான் மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை நீள்கிறது. அச்சாலையோர வீடுகளில் பகல் முழுதும் சங்கிலியில் நிற்கும் நாய்களைப் பார்க்கும்போது அவருடைய உழைப்பு இன்னும் முழுதாகப் பயன் தரவில்லை என்றே எண்ண வேண்டியிருக்கிறது.

வெயிலும் மின்தடையும்

நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுதும் வியர்ப்பதில்லை. பாதங்களில் மட்டும் சிறிது வியர்வை சுரக்க, உடல் வெப்பத்தைப் பெரும்பாலும் நாக்கை நீட்டி இரைப்பதன் மூலமே அது வெளியேற்றுகிறது. வாயிலும் மூச்சுப்பாதையிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உடல் குளிர்கிறது என்பதால், காற்றிலேயே ஈரப்பதம் மிகுந்திருக்கும் கடற்கரையில் இந்த வழி பாதி அடைபட்டுவிடுகிறது. இதனால்தான், வெப்பமானியில் செங்கல்பட்டைவிட மாமல்லபுரம் இரண்டொரு பாகை குறைவாகக் காட்டும் நாளிலும் கடலோர வீட்டு நாய் அதிகமாக இரைக்க நேரிடுகிறது. வியர்க்காத உடம்பில் வெறும் மின்விசிறிக் காற்றுக்குப் பெரிய பயன் இல்லை. வயிற்றுப் பகுதியும் பாதங்களும் ஈரமாக இருந்தால்தான் அக்காற்று குளிர்விக்கும். ஆகவே கத்திரி வெயில் காலத்தில், ஈரச் சாக்கு ஒன்றை மடித்துத் தரையில் விரித்து, அதன்மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்துவிட்டுச் செல்வது செலவில்லாத நல்ல ஏற்பாடு ஆகும். பக், பாக்ஸர் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு இரைப்பதே கடினம் என்பதால் அவற்றுக்கு இந்த ஏற்பாடும் போதாது.

மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையின் தளம் பிற்பகல் 3 மணிக்குமேல்தான் உள்ளே வெப்பத்தை அதிகமாக இறக்கும். மேற்குப் பார்த்த பால்கனியிலும் அந்நேரத்தில்தான் வெயில் நேராக விழும். காலை 8 மணிக்கு நிழலாகத் தெரிந்த இடத்தை நம்பி நாயை அங்கே விட்டுச் செல்வது மிகுதியாக நிகழும் தவறு. விடுமுறை நாள் ஒன்றில் வீட்டிலேயே இருந்து, வெயில் எந்த அறையில் எப்போது நுழைகிறது என்று மணிக்கு ஒருமுறை பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகே நாய்க்கான இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த இடம் கிழக்கு அல்லது வடக்குப் பார்த்த, தரைத்தளத்தில் உள்ள, ஜன்னல் திறந்து கம்பி வலை அடித்த அறையாகவே அமையும்.

ஏசி அறையில் அடைத்து வைப்பதைப் பாதுகாப்பு என்று பலர் நம்புகின்றனர். ஜன்னல்களை மூடினால்தான் ஏசி குளிரும். மின்சாரம் போனாலோ, அதே மூடிய அறை சிறிது நேரத்தில் புழுங்கத் தொடங்கிவிடும். மின்வாரியத்தின் பராமரிப்புப் பணிக்கான மின்தடை பெரும்பாலும் காலை 9 மணியளவில் தொடங்கிப் பிற்பகல் வரை நீடிப்பது, அதாவது ஆளில்லா நேரத்தின் நடுவில் விழுவது, இங்கே கவனிக்கத்தக்கது. அந்த அறிவிப்பு நாளிதழ்களில் முன்கூட்டியே வெளிவருகிறது. அதைப் பார்க்கும் பொறுப்பை வீட்டில் ஒருவர் ஏற்க வேண்டும். வீட்டில் உள்ள இன்வர்ட்டர் பொதுவாக விசிறிக்கும் விளக்குக்கும் மட்டுமே போதுமானது என்பதால், ஏசி இல்லாமலே தாங்கத்தக்க இடமாக அந்த அறை இருந்தாக வேண்டும். ஹஸ்கி போன்ற பனிநாட்டு இனங்களை வேலைக்குச் செல்வோர் இக்கடற்கரையில் வளர்ப்பதை இந்நூல் பரிந்துரைக்காததற்கு இதுவே காரணம்.

10 கிலோ எடையுள்ள நாய்க்குச் சாதாரண நாளிலேயே அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் தேவைப்படும். கோடையில் அதைவிட மிகுதியாகத் தேவைப்படும். ஒரு பாத்திரம் கவிழ்ந்தால் மற்றொன்று இருக்கும்படி இரண்டு இடங்களில், எளிதில் சாயாத அகன்ற மண்சட்டிகளில் வைப்பது நல்லது. பினாயில் போட்டுத் துடைத்த தரை உலர்வதற்குமுன் நாயை அங்கே விடக்கூடாது, ஏனெனில் பாதத்தை நக்கும்போது அது வயிற்றுக்குள் போகும். கடலோர வீடுகளில் உப்புக்காற்று சங்கிலியின் கொக்கியையும் கேட்டின் தாழ்ப்பாளையும் ஒரே பருவத்தில் அரித்துவிடும்; வெளியே உறுதியாகத் தெரியும் கொக்கியின் சுழலும் கணுவில்தான் துரு முதலில் பிடிக்கிறது என்பதால், அந்த இடத்தைக் கையால் திருகிப் பார்ப்பதை மாதந்தோறும் செய்ய வேண்டிய வேலையாகக் கொள்ள வேண்டும்.

யாரிடம் ஒப்படைப்பது

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் ஏற்பாடு முடிந்துவிட்டது என்று கருதுவது பொதுவான வழக்கம். மூட்டுவலியுள்ள மாமியாரோ தகப்பனாரோ 30 கிலோ நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு படியிறங்க முடியாது. அவர்களால் துணையாக இருக்கவும் தண்ணீர் வைக்கவும் முடியும், நடைக்கு வேறொருவர் வேண்டும். இரவுப் பணி முடித்து வந்து பகலில் உறங்குபவரும் அவ்வாறே. மூன்று ஷிப்ட்களில் வேலை நடக்கும் தொழிற்சாலை ஊழியர் குடும்பங்களில், வீட்டில் ஆள் இருக்கிறார் என்ற கணக்கில் நாயின் சிறுநீர் நேரம் மறக்கப்பட்டுவிடுவது உண்டு.

பெரும்பாலான குடும்பங்களுக்குப் பொருந்துவது நடுப்பகல் வருகை, அதாவது அக்கம்பக்கத்தில் வசிக்கும் ஒருவர் நாள்தோறும் குறித்த நேரத்தில் வந்து, நாயை வெளியே விட்டு, தண்ணீர் மாற்றி, அரை மணி நேரம் உடனிருந்து செல்லும் முறை. வீட்டு வேலை செய்ய வரும் அம்மாவிடமே இதையும் சொல்லிவிடுவது எளிதாகத் தோன்றினாலும், அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு: நாயிடம் அவருக்கு அச்சம் இருக்கக்கூடாது, இந்த வேலைக்குத் தனிச் சம்பளம் பேச வேண்டும். பாத்திரம் தேய்ப்பதோடு சேர்த்து ‘இதையும் கொஞ்சம் பார்த்துக்கோங்க’ என்று ஒட்டவைக்கப்பட்ட வேலை, இரண்டாவது மாதத்தில் ஐந்து நிமிடமாகச் சுருங்கிவிடுவதில் வியப்பில்லை; கூலி கொடுக்காத வேலைக்கு முழுமை எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடப்பட்டிருக்கிறது என்பதை அட்டையைக் காட்டியே அவருக்கு உறுதி சொல்ல வேண்டும். பல் பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும், அன்றைய கூலியும் பயணச் செலவும் உரிமையாளருடையவை என்பதையும் முதல் நாளே தெளிவுபடுத்திவிட வேண்டும்.

அதிகம் முயலப்படாத, ஆனால் இந்த வட்டாரத்துக்கு நன்கு பொருந்தக்கூடிய வழி ஒன்று உண்டு. அலுவலகம் செல்வோருக்குச் சனியும் ஞாயிறும் விடுமுறை. கடற்கரை விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோருக்கோ அவ்விரு நாட்களில்தான் கூட்டம் மிகுதி, அவர்களுடைய வார விடுப்பு திங்களிலோ செவ்வாயிலோ வரும். ஒரே தெருவில் இவ்விரு வகைக் குடும்பங்களும் நாய் வளர்த்தால், ஒன்றின் வேலைநாளில் மற்றொன்று இரு நாய்களையும் பார்த்துக்கொள்ளலாம். இதில் பணம் கைமாறாவிட்டாலும் ஒப்பந்தம் தெளிவாக இருக்க வேண்டும்: யார் வீட்டில், எத்தனை மணி வரை, யார் உணவு, ஒரு நாய்க்குக் காய்ச்சல் வந்தால் மற்ற நாயை என்ன செய்வது என்பவை பேசி முடிவாக வேண்டும். நாய்கள் இரண்டும் முதலில் பொது இடத்தில் பழகி, பிறகே ஒரே கூரையின்கீழ் விடப்பட வேண்டும்.

நாயின் இனமும் இங்கே கணக்கில் வரும். சிப்பிப்பாறையும் கன்னியும் குட்டை முடி கொண்டவை, தமிழ்நாட்டு வெயிலுக்குப் பழகியவை. ஆனால் முயல் துரத்த வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள் என்பதால் பத்துக்குப் பத்து அறையில் பகல் முழுதும் அடைபட்டிருப்பது அவற்றின் இயல்புக்கு நேர்மாறானது. ராஜபாளையம் காவலுக்குப் பெயர்பெற்றது என்பதால், உரிமையாளர் இல்லாத வீட்டுக்குள் நுழையும் உதவியாளரை அது எதிர்க்கக்கூடும். உதவியாளர் குறைந்தது இரண்டு வாரம் உரிமையாளர் முன்னிலையிலேயே வந்து, தம் கையால் உணவு வைத்து, நடைக்கு அழைத்துச் சென்ற பிறகுதான் தனியாக வர வேண்டும். நாட்டு நாய்க்கு வெயிலும் தனிமையும் பொருட்டல்ல என்பது தவறான எண்ணம்.

பொறுப்பேற்பவருக்கு வாய்மொழியாகச் சொன்னவை மறந்துபோகும் என்பதால், பிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். அது இவ்வாறு அமையலாம்: “அக்கா, மணி 12.30க்கு முதலில் வெளியே விடுங்கள், பிறகு தண்ணீர். தயிர் சாதம் நீலக் கிண்ணத்தில் இருக்கிறது, அதில் பாதி போதும். திராட்சை, வெங்காயம், சாக்லேட், நம் காய்ச்சல் மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். சாப்பிடவில்லை என்றாலோ நிற்கத் தள்ளாடினாலோ உடனே கூப்பிடுங்கள், வேலையில் இருப்போம் என்று தயங்க வேண்டாம்.” கடைசி வாக்கியமே அத்தாளின் மிகத் தேவையான வரி, தொந்தரவு செய்யக்கூடாது என்ற மரியாதையினால் தாமதமாகும் ஒரு மணி நேரம் சில நோய்களில் நாயின் உயிரையே பறித்துவிடும்.

பகல் நேரக் காப்பகம் என்பது காலையில் நாயை விட்டு மாலையில் அழைத்துச் செல்லும் இடம். 2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளும் 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகளும் முறையே இனப்பெருக்குவோரையும் கடைகளையும் நோக்கியவை என்பதால், காப்பகத்தின் தரத்தை உரிமையாளரே நேரில் சோதித்துக்கொள்ள வேண்டும். மாலையில் அழைக்க வரும் நேரத்தில் எல்லா இடமும் சுத்தமாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியது பிற்பகல் 2 மணிக்கு, அதுவும் சொல்லாமல் சென்று. கழிவுநீர் எங்கே ஓடுகிறது, பெரிய நாயும் சிறிய நாயும் பிரிக்கப்பட்டிருக்கின்றனவா, மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு, சுவர் இடுக்குகளில் உண்ணி ஊர்கிறதா என்பவற்றைக் கண்ணால் காண வேண்டும். உண்ணி கடிப்பதால் வரும் எர்லிக்கியா, பேபீசியா எனும் இரத்த நோய்கள் தமிழ்நாட்டு நாய்களிடையே பரவலானவை என்பதால் இது சிறு விஷயம் அன்று. நாயைச் சேர்க்கும்போது தடுப்பூசி அட்டையைக் கேட்காத காப்பகம், அங்கே ஏற்கெனவே உள்ள நாய்களின் அட்டையையும் கேட்டிருக்காது. அந்த ஒன்றைக் கொண்டே அதை விலக்கிவிடலாம்.

தனிமைக்குப் பழக்குதல்

உரிமையாளர் கிளம்பியதும் கதவைப் பிராண்டுவதும், எச்சில் வழிய ஊளையிடுவதும், பழகிய நாய் வீட்டுக்குள் அசுத்தம் செய்வதும் பெரும்பாலும் பழிவாங்கல் அல்ல. அது பிரிவுப் பதற்றம், அதாவது தனித்து விடப்படும்போது நாய்க்கு ஏற்படும் அச்சநிலை. இந்நிலை கிளம்பிய முதல் அரை மணி நேரத்தில்தான் பொதுவாக உச்சம் அடையும் என்பதால், மாலையில் வந்து அடிப்பதனால் அச்சம் கூடுமே தவிர நாய்க்கு எதுவும் விளங்காது. செருப்பை மாட்டி, சாவியை எடுத்து, வெளியே போய் ஒரு நிமிடத்தில் திரும்புவதில் தொடங்கி, ஐந்து, பத்து, முப்பது நிமிடம் என்று வாரக்கணக்கில் நீட்டுவதே இதற்கான பயிற்சி. மகப்பேறு விடுப்போ வீட்டிலிருந்து வேலையோ முடிந்து அலுவலகம் திரும்புவோர் ஒரு மாதம் முன்பே இதைத் தொடங்க வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்கள் செல்லநாய் வளர்ப்பதையே தடை செய்யக்கூடாது என்று விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டிருந்தாலும், பகல் முழுதும் குரைப்பைக் கேட்கும் பக்கத்து வீட்டாரின் துன்பம் உண்மையானது; அவர்களிடம் தொலைபேசி எண்ணைக் கொடுத்து வைப்பது சண்டையைத் தவிர்ப்பதோடு, நாயின் நிலையை அறிய ஒரு காதையும் தருகிறது.

கடற்கரையில் நடையும் ஆபத்துகளும்

நடைக்கு ஏற்ற நேரம் காலை 7 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும்தான். நடுப்பகல் வருகையில் நாயை நிழலில் சில நிமிடம் மட்டுமே விட வேண்டும், புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அங்கே நாயின் பாதமும் படக்கூடாது. கரைவலை இழுக்கும் மணலில் மீனவர் கழித்துப் போடும் பேத்தை மீனின் உடலில் நரம்பைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சு உண்டு. அதை விழுங்கும் நாய் மூச்சு நின்று இறக்கக்கூடும். ஜனவரி முதல் பங்குனி ஆமைகள் இக்கடற்கரையில் முட்டையிட ஏறுவதால், அவற்றின் குழிகளைத் தோண்டாதபடி அம்மாதங்களில் நாயைக் கயிற்றிலிருந்து விடவே கூடாது. நடைக்கு அழைத்துச் செல்பவர் பலம் போதாமல் கயிற்றை விட்டு, நாய் வழிப்போக்கரைக் கடித்தால், விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருந்த குற்றத்துக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு பொருந்தும் என்பதையும் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது நினைவில் கொள்ள வேண்டும்.

சவுக்குத் தோப்பை ஒட்டிய வீட்டுத் தோட்டத்தில் பகலில் அவிழ்த்து விடப்படும் நாய்க்குப் பெரிய ஆபத்து பாம்பு. வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு அளிக்கிறது. அதிலிருந்து உருவாகும் நஞ்சுமுறி மருந்தே நாய்க்கும் பயன்படுகிறது. கீறிவிடுவதும் இறுகக் கட்டுவதும் தீங்கு செய்யும். நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு விரைவதே முதலுதவி. ஆகவே அம்மருந்தை இருப்பு வைத்திருக்கும் அருகிலுள்ள கால்நடை மருத்துவர் யார் என்பதை முன்பே கேட்டறிந்து தாளில் எழுதி வைக்க வேண்டும். 1903இல் தொடங்கிய வேப்பேரி சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை பெரியது, ஆனால் மாமல்லபுரத்திலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவு என்பதால் முதல் ஒரு மணி நேரத்துக்கு அதை நம்ப முடியாது.

வடகிழக்குப் பருவமழையில் ஆளில்லா நேரம் எதிர்பாராமல் நீளக்கூடும். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்தது போன்ற ஒரு நாளில், பணியிடத்தில் சிக்கிய உரிமையாளர் மறுநாள் காலைவரை வீடு திரும்ப முடியாமல் போகலாம். அந்த நிலைக்கென்று, நடந்தே வரக்கூடிய தொலைவில் உள்ள இருவரிடம் தனித்தனியே மாற்றுச் சாவி இருக்க வேண்டும், மூன்று நாள் உலர் உணவும் மூடிய குடத்தில் தண்ணீரும் உயரமான அலமாரியில் இருக்க வேண்டும். மழை எச்சரிக்கை வந்த நாளில் நாயைக் கட்டிவிட்டோ கூண்டில் பூட்டிவிட்டோ செல்லக்கூடாது, ஏனெனில் நீர் ஏறினால் அதற்குத் தப்பும் வழி இருக்காது. சாவி வைத்திருக்கும் இருவரையும் ஐப்பசி தொடங்குமுன் ஒருமுறை வீட்டுக்கு வரவழைத்து, கதவைத் திறந்து நாயை அழைத்துச் செல்லும்படி சோதித்துப் பார்த்துக்கொள்ள வேண்டும்.